கூரையில்லாமல் கிடந்த வீடு: கொங்கிறீற்றைச் சோதிப்பது எப்படி?

வன்னியில் 2009க்கு முன் கட்டிய பல வீடுகள் கூரை போய், மாரிக்கு மாரி நனைந்து கிடந்தவை. திரும்பி வந்த சனம் கூரை போட்டு, வெடிப்புகளைப் பூசி, பெயின்ற் அடித்துக் குடியேறியது. அந்தப் பூச்சுக்குள்ளே கம்பி எப்படி இருக்கிறது? சுத்தியல், உளி, டோர்ச், சோக்குத் துண்டு, கொப்பி இருந்தால் தொடங்கலாம்.

1. பாருங்கள்

மாரி முடிந்த கையோடு, தை மாசியில் பார்ப்பது நல்லது. ஈரம் ஊறிய இடங்கள் அப்போது தெளிவாகத் தெரியும். பூச்சில் வலைபோல ஓடும் மெல்லிய கீறல்களுக்குப் பயப்பட வேண்டாம். தூணின் மூலையோரமாகவோ பீமின் அடியிலோ கம்பி போகும் வழியிலேயே நேராக ஓடும் வெடிப்புத்தான் ஆபத்தானது. கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இடம் போதாமல் கொங்கிறீற்றை வெளியே தள்ளி உடைக்கும். பக்கத்தில் மண்ணிறக் கறையும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

2. தட்டுங்கள்

நல்ல கொங்கிறீற் ‘ணங்’ என்னும். உள்ளே பிரிந்தது ‘டொக்’ என்னும். டொக் இடங்களைச் சோக்கால் வட்டமிடுங்கள். ஒன்று: செல் பட்ட சுவரில் இனந்தெரியாத இரும்பு ஏதும் புதைந்து தெரிந்தால் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

3. உடைத்துத் தெளியுங்கள்

இதுதான் முக்கியமான படி. புதுக் கொங்கிறீற் கடுங்காரத் தன்மை உள்ளது, பிஎச் 12க்கு மேல். உப்பு ஏறாத இடத்தில், அந்தக் காரம் இருக்கும்வரை கம்பி கறள் பிடிக்காது. காற்றில் உள்ள காபனீரொட்சைட்டு மெல்ல மெல்ல உள்ளே போய் அதைக் குறைக்கிறது. எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று காட்டுவது பினோப்தலீன், அதுதான் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் கண்ட அதே திரவம்.

மேற்பூச்சை நீக்கி, கம்பி தெரியும்வரை சிறு துண்டு உடையுங்கள். தூசியை ஊதிவிட்டு, உடைந்த புது முகத்தில் உடனே பினோப்தலீனைத் தெளியுங்கள். ஊதா கலந்த இளஞ்சிவப்பாக மாறினால் காரம் இருக்கிறது. நிறமே மாறாத பகுதியில் போய்விட்டது. கொங்கிறீற்றின் வெளிமுகத்திலிருந்து நிறம் தொடங்கும் இடம்வரை அளந்து எழுதுங்கள். கம்பிக்கு மேலுள்ள மூடுகனத்தையும் அளவுங்கள்.

அப்புறம் கணக்கு. ஆழம் இரண்டு மடங்காக, காலம் ஏறக்குறைய நான்கு மடங்கு எடுக்கும். 25 ஆண்டில் 10 மில்லிமீற்றர் போயிருந்தால் 20 மில்லிமீற்றரைத் தொட மொத்தம் 100 ஆண்டு. ஆனால் மேசன் கம்பியைப் பலகையோடு ஒட்டவிட்டு, மூடுகனம் 10 தான் என்றால் காலம் இன்றே முடிந்துவிட்டது! ஒரே தூணில் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வெயில் பக்கம், மழைப் பக்கம், வீட்டின் உட்பக்கம் என்று மாற்றிப் பாருங்கள்.

4. கரையோரம் என்றால்

முல்லைத்தீவுக் கரையில் இந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். கடற்காற்றின் உப்பு, கழுவாத கடல்மணல், 2004 சுனாமியில் ஊறிய நீர், எல்லாவற்றிலும் குளோரைட்டு இருக்கும். காரம் இருந்தாலும் அது கம்பியை அரிக்கும். நிறம் நன்றாக வந்தாலும் கம்பி உள்ளே அரிபட்டுக்கொண்டிருக்கலாம். வெவ்வேறு ஆழங்களில் துளைத்தெடுத்த தூளை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதுதான் வழி.

கடைசியாக, தெரிகிற கம்பியைத் தேய்த்துப் பாருங்கள். மேலாகக் கறள் மட்டும் என்றால் திருத்தலாம். கம்பியே மெலிந்திருந்தால் பூசி மறைக்காமல், முதலில் பீமுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்போது அந்தக் கொப்பியையும் காட்டுங்கள்.