தணல் விழும்வரை பொறுங்கள்

தோட்டத்தில் தீ மூட்டிச் சமைக்கிறவர்களில் பலர், சுடர் எழும்பியதுமே பாத்திரத்தை ஏற்றிவிடுகிறார்கள். மேலே கருகி, உள்ளே வேகாமல் போவதற்கு அந்த அவசரமே காரணம். சுடரின் சூடு காற்றடிக்கும் பக்கமெல்லாம் சாயும். தணல் நின்று நிதானமாக எரியும். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்தால் கட்டை உடைந்து, கங்குகள்மேல் வெள்ளையாக நீறு பூக்கும். சமையல் அப்போதுதான் தொடங்குகிறது.

வைரம் பாய்ந்த, நன்றாகக் காய்ந்த விறகாக எடுங்கள். இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சாயம் அடித்த பலகை, பிளைவுட், ரசாயனம் ஏற்றிய மரம் எதுவும் வேண்டாம். அரளிக் கட்டையைத் தொடவே தொடாதீர்கள், அது நஞ்சு. அடுப்புக்கு ஆற்றுக் கல்லும் ஆகாது. அதற்குள் தேங்கிய நீர் ஆவியாகிக் கல்லை வெடிக்க வைத்துவிடும். துத்தநாகம் பூசிய கம்பி வலை சூடேறினால் நச்சுப் புகை விடும். பூச்சில்லாத இரும்பு வலையே நல்லது. வீடு, வேலி, தாழ்ந்த கிளை ஆகியவற்றிலிருந்து 3 மீட்டராவது தள்ளித் தீ மூட்டுங்கள். ஒரு வாளி நீர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

நான் தீக்குழியை எப்போதும் இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். பின்பாதியில் விறகு எரிந்துகொண்டே இருக்கும்; அங்கே விழும் கங்குகளை மண்வெட்டியால் முன்பாதிக்கு இழுத்து, அதன்மேல் சமைப்பேன். சூடு குறைந்தால் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டால் போதும். இந்த ஒன்றைப் பழகிக்கொண்டாலே பாதிச் சமையல் கைவந்துவிடும்.

சூட்டை அளக்க, உணவு இருக்கப்போகும் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். 2 அல்லது 3 விநாடிகளில் கையை இழுக்க வேண்டியிருந்தால் கடும் சூடு. மெல்லிய இறைச்சித் துண்டுகளுக்கு அது சரி. 5, 6 விநாடி தாங்கினால் மீனுக்கும் காய்க்கும் ஏற்றது. கோழித் துண்டுகளை முதலில் கடும் சூட்டில் நிறம் வரச் சுட்டு, பிறகு ஓரத்துக்கு நகர்த்தி வேகவிடுங்கள். தடித்த இடத்தின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வந்தாக வேண்டும். இதில் கண்ணை நம்பாதீர்கள், வெப்பமானியை நம்புங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது உருளைக்கிழங்குதான். கைக்குள் அடங்கும் அளவுள்ளதாக எடுத்துக் கழுவித் துடைத்து, இரண்டு மூன்று இடங்களில் குத்திவிடுங்கள். கங்குக்கு நேரே வைக்காமல், அதை ஒட்டிய சூடான சாம்பலில் புதையுங்கள். கால் மணிக்கு ஒருமுறை இடுக்கியால் புரட்ட வேண்டும். 45 நிமிடம் கழித்துக் கம்பியால் குத்திப் பாருங்கள்; தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. கருத்த தோலைக் கீறினால் ஆவி பறக்கும், உள்ளே மாவாக உதிரும். உப்பும் வெண்ணெயும் போதும். வெங்காயத்தையும் இப்படியே தோலோடு புதைக்கலாம். இனிப்பாகக் குழைந்து வரும்.

முடிந்ததும் மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போகாதீர்கள். மண்ணுக்கடியில் கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும், வேர் வழியாகவும் தீ பரவும். நீர் ஊற்றிக் கிளறுங்கள். மறுபடி ஊற்றிக் கிளறுங்கள். புறங்கையை அருகில் கொண்டுபோனால் சூடே தெரியாத வரை இடத்தைவிட்டு நகராதீர்கள்.