காவிரிக் கரையில் வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறீர்களா? அடுத்த வருடத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், தஞ்சாவூர், திருவையாறு, மயிலாடுதுறைப் பக்கம் பழைய ஓட்டு வீட்டைச் சீர்செய்து ஹோம்ஸ்டேயாக நடத்துபவர்கள் இப்போது நிறையப் பேர். அடுத்த வருடத்துக்குத் தயாராவது என்றால் வெள்ளை அடிப்பது, புது பெட்ஷீட் வாங்குவது, வாடகையைக் கொஞ்சம் ஏற்றுவது என்று பலர் முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் முதலில் வாங்க வேண்டியது அடுத்த வருடத்துப் பஞ்சாங்கம்.

வேளாங்கண்ணிப் பெருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை, அது மாறாது. மாசி மகம், மகா சிவராத்திரி, திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனை, தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் பிறந்த நட்சத்திரத்துக்கு நடக்கும் சதய விழா எல்லாம் ஆங்கிலத் தேதியில் வருடா வருடம் நகரும். இந்தத் தேதிகளையும் முகூர்த்த நாட்களையும் குறித்து வாடகையை முன்கூட்டியே அறைப் பதிவுச் செயலியில் உயர்த்தி வைக்காவிட்டால், விவரம் தெரிந்த விருந்தினர் மாதக்கணக்கில் முன்னதாகவே சாதாரண விலைக்குப் பதிவு செய்துவிடுவார், அதன்பிறகு நீங்கள் ரத்து செய்தால் கெட்ட பெயர்தான் மிஞ்சும். இதற்கு நேர் எதிரான தவறு, 2028 கும்பகோணம் மகாமகத்தை நம்பி இப்போதே பெரிய கடன் வாங்கி அறை கட்டுவது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் சில நாள் கூட்டம் அது. தவணையோ மாதாமாதம் வரும். சாதாரணச் சனி ஞாயிறு வருமானத்தில் கட்ட முடிந்த கடன் என்றால் மட்டும் வாங்குங்கள்.

பெரிய நஷ்டம் வருவது மழையில்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும், ஆனால் ஓடு மாற்ற ஆள் தேடுவதே பலர் தீபாவளிக்கு முந்தின வாரம். அப்போது ஊரில் எல்லோருக்கும் அதே வேலை, ஆள் கிடைக்காது. ஓடு, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம், முற்றத்துத் தண்ணீர் போகும் வடிகால் எல்லாவற்றையும் ஆடி ஆவணிக்குள் பார்த்துவிடுங்கள். அதோடு செப்டிக் டேங்க்: டெல்டாவில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், உறிஞ்சுகுழி உறிஞ்சாது, வீடு நிறைய ஆள் இருக்கும் நாளில் கழிவறை எதிர்த்துக்கொண்டு வரும். செப்டம்பரிலேயே லாரி வரவழைத்து எடுத்துவிட்டால் அந்தக் கவலை பெரும்பாலும் தீரும். 2018 கஜா புயலில் நாகை, திருவாரூர், பட்டுக்கோட்டைப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததை நாம் மறக்கக் கூடாது. இன்வெர்ட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்கும்தான், மோட்டார் ஓட்டாது, அதனால் மேல்நிலைத் தொட்டி பெரியதாக இருக்கட்டும்.

கரை புரளும் காவிரிப் படத்தை வருடம் முழுக்கப் போட்டு வைப்பதும் தவறு. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. நீர் இருப்பைப் பொறுத்து திறப்பு தள்ளியும் போகும். சித்திரையில் பிள்ளைகளோடு வருபவர் படித்துறையில் மணலைத்தான் பார்ப்பார். இரண்டு படத்தையும் போட்டு எந்த மாதம் எப்படி இருக்கும் என்று எழுதிவிடுங்கள். தண்ணீர் வேகமாக ஓடும்போது எங்கே இறங்கக் கூடாது என்பதையும் வாசலிலேயே எழுதி ஒட்டுங்கள், வெளியூர்க்காரருக்கு ஆற்றின் சுழல் தெரியாது.

அப்புறம் நேரம். சென்னையிலிருந்து இரவு ரயிலான உழவன் எக்ஸ்பிரஸில் வருபவர் விடியுமுன் கும்பகோணத்தில் இறங்குவார், நவக்கிரகம் சுற்றுபவர் விடியற்காலையில் கிளம்புவார், பெரும்பாலான கோயில்கள் மதியம் நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கும். பகல் 12 மணிக்குத்தான் அறை, 8 மணிக்குத்தான் டிபன் என்று பிடிவாதம் பிடித்தால் இவர்கள் யாருக்கும் நீங்கள் உதவ மாட்டீர்கள். நாலரைக்கு வெந்நீரும் கையில் கட்டிக் கொடுக்க இட்லியும் போதும்.

வீடு கூட்டித் துடைக்கும் அக்கா பொங்கலை ஒட்டிச் சம்பா அறுவடைக்குப் போவார், ஆராதனைக் கூட்டமும் பெரும்பாலும் அந்த ஜனவரியில்தான். மாற்று ஆளை மார்கழியிலேயே பேசி வையுங்கள், அக்காவுக்கும் விடுப்பைச் சம்பளத்தோடு கொடுங்கள்.

கணக்கிலும் பழைய விலை அட்டையை மாற்றுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், பழைய 12 இல்லை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். வீட்டில் யாராவது இருவர் அதைச் செய்யப் பழகியிருக்கட்டும், ஒருவர் கல்யாணத்துக்குப் போன அன்றுதான் வெளிநாட்டு விருந்தினர் வந்து நிற்பார்.