மண்ணீரல் கிழிந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

“மண்ணீரல் இல்லாமலும் வாழலாம், எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.” விபத்தில் அடிபட்டவரின் உறவினர்களிடம் இந்தப் பேச்சு எளிதாகப் புழங்குகிறது. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை நம்புவதுதான் முதல் தவறு.

இடது விலா எலும்புகளுக்கு அடியில், மூடிய கைப்பிடி அளவில், ஏறக்குறைய 150 கிராம் எடையுள்ள உறுப்பு இது. ரத்தத்தில் புகும் கிருமிகளை, குறிப்பாக நிமோகாக்கஸ் போன்ற உறை போர்த்திய கிருமிகளை, வடிகட்டிப் பிடிக்கிறது. சிசுப் பருவத்தில் மண்ணீரல் எடுக்கப்பட்ட குழந்தைகளைக் கடும் தொற்று தாக்குவதை 1952-இல் கிங், ஷூமேக்கர் என்ற இரு மருத்துவர்கள் எழுதினார்கள். அத்தகைய தொற்று அரிது. ஆனால் வந்துவிட்டால், காலையில் சாதாரணக் காய்ச்சலாக இருந்தது ஒரே நாளில் உயிரைப் பறித்துவிடக்கூடும்.

அடுத்த தவறு, ஸ்கேன் படத்தில் தெரியும் கிழிசலை மட்டும் பார்த்துப் பதறுவது. காயத்தை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிப்பார்கள். ஆனாலும் முடிவைத் தீர்மானிப்பதில் முதலிடம் ரத்த அழுத்தத்துக்கும் நாடித்துடிப்புக்கும்தான். அவை நிலையாக இருந்தால், கத்தியே வைக்காமல், தீவிரக் கண்காணிப்பில் காத்திருப்பதே பல நேரங்களில் சரியான சிகிச்சை. டொரண்டோவின் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து 1968-இல் வெளிவந்த கட்டுரை இந்த வழிக்கு அடித்தளமிட்டது. ரத்தம் கசிந்துகொண்டிருந்தால், தொடை இடுக்குத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கசியும் கிளையை மட்டும் அடைத்துவிடவும் முடியும்.

வயிற்றைத் திறந்துவிட்டாலே மண்ணீரல் போய்விடும் என்று நினைப்பதும் தவறு. மண்ணீரலின் திசு ஈரப் பஞ்சு போல நைந்தது; வெறும் நூலால் இழுத்துத் தைத்தால் நூலே அறுத்துக்கொண்டு போகும். அதனால் கிழிசலின் இரு கரைகளிலும் சிறு பட்டைகளை வைத்து, அவற்றின் மேல் தையலை இறுக்குவார்கள். பல இடங்களில் கிழிந்திருந்தால், தானே கரையும் வலையால் முழு உறுப்பையும் பொதிந்து கட்டுவார்கள். ஒரு பகுதி மட்டும் சிதைந்திருந்தால் அதற்குப் போகும் தமனிக் கிளையைக் கட்டுவார்கள். சற்று நேரத்தில் அந்தப் பகுதி மட்டும் கருத்துப்போய், எங்கே வெட்டுவது என்ற கோடு கண்ணெதிரே தெளிவாகத் தெரியும். மிஞ்சிய பகுதிக்கு நல்ல ரத்த ஓட்டம் இருந்தால், அது தன் வேலையைத் தொடரும்.

இவ்வளவு சொன்ன பிறகு, எதிர்த்திசைத் தவறையும் சொல்லாமல் விட முடியாது. ரத்த அழுத்தம் சரிந்துகொண்டே போகிறது, தலையிலும் பலத்த காயம் இருக்கிறது என்னும்போது, “எப்படியாவது மண்ணீரலைக் காப்பாற்றுங்கள்” என்று மன்றாடக் கூடாது. அந்த நேரத்தில் எடுப்பதுதான் உயிரைக் காக்கும். தையல் போட்டுக்கொண்டிருக்க அங்கே அவகாசம் இல்லை.

வீடு திரும்பிய பின் நேரும் தவறுகள் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. வலி குறைந்ததும் சிலர் பந்து விளையாடவும் பளு தூக்கவும் போய்விடுகிறார்கள். காயம் பட்டு நாட்கள் கழித்தும் மண்ணீரல் மீண்டும் கசியலாம். தலைசுற்றல், வயிற்று வலி, காரணமில்லாமல் இடது தோளில் வலி என்று எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தத் தோள்வலி, வயிற்றுக்குள் கசிந்த ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது.

மண்ணீரலை எடுக்க நேர்ந்தவர்கள் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் ஆகிய கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகளைத் தள்ளிப்போடக் கூடாது. அவசர அறுவைக்குப் பின் பொதுவாக 14 நாட்கள் கழித்து அவற்றைப் போடுவார்கள். எடுத்த மண்ணீரலின் துண்டுகளை வயிற்றுக்குள்ளேயே பதித்து வைத்திருந்தாலும் அதை முழுப் பாதுகாப்பாக எண்ணித் தடுப்பூசியை விட்டுவிடக் கூடாது. காய்ச்சல் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று மாத்திரை போட்டுப் படுக்காமல், அந்த இரவே மருத்துவரிடம் போய், “எனக்கு மண்ணீரல் இல்லை” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.