அரிசி மூட்டைக்கு இரத்தம் வேண்டாம்: முகாம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் இரத்த தான முகாம் நடத்தப் புதிதாக முன்வரும் இளைஞர் மன்றங்களைப் பார்க்கையில் மகிழ்ச்சியும் எரிச்சலும் ஒருங்கே எழுகின்றன. தொடக்க காலத்தில் எங்கள் தலைமுறை செய்து குட்டுப்பட்ட அதே காரியங்களை இவர்கள் புதுப் பொலிவோடு செய்துகொண்டிருக்கிறார்கள். மின்விசிறி போதாமை, பதாகையில் எழுத்துப் பிழை, நாற்காலி வரத் தாமதம் ஆகியவற்றை இங்கே பேசப்போவதில்லை. ஒரு முறை பட்டால் அவை தாமே திருந்திவிடும்.

பரிசு காட்டி அழைப்பது

அண்மையில் ஒரு தோட்டத்துக் கோவில் மண்டபத்தில் நடந்த முகாமின் துண்டறிக்கையில், இரத்த தானம் என்ற தலைப்பைவிடப் பெரிய எழுத்தில் ஐந்து கிலோ அரிசியும் அதிர்ஷ்டக் குலுக்கலும் அச்சிடப்பட்டிருந்தன. கூட்டம் வந்தது உண்மைதான். பதிவு மேசையருகே நின்றிருந்தபோது, இரண்டு வாலிபர்கள் தோளோடு தோள் ஒட்டி அமர்ந்து, ஒருவர் படிவத்தைப் பார்த்து மற்றவர் வரிக்கு வரி எழுதுவதைக் கண்டேன். பெண்களுக்கென்று தனியே பிரித்திருந்த பகுதியில், கருவுற்றிருக்கிறீர்களா என்ற கேள்விக்கும் இருவரும் ‘இல்லை’ என்று அக்கறையாகக் குறியிட்டிருந்தார்கள்.

“தம்பி, கேள்வியைப் படிச்சீங்களா?” என்று கேட்டேன்.

“எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டாதான் அரிசி கிடைக்கும்னு சொன்னாங்க அண்ணே” என்றார் இளையவர்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய செய்தியன்று இது. தானமாகப் பெறும் ஒவ்வொரு பை இரத்தமும் எச்.ஐ.வி, ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்காகப் பரிசோதிக்கப்படுகிறது. ஆயினும் தொற்று உடலுக்குள் புகுந்த தொடக்க நாள்களில் எவ்வளவு நுட்பமான பரிசோதனைக்கும் அது தென்படாமல் போகும் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் நோயாளிக்கு இருக்கும் காப்பு, கொடையாளர் படிவத்தில் எழுதும் உண்மை ஒன்றுதான். ஒரு பை இரத்தம் சிவப்பணுக்கள், தட்டணுக்கள், பிளாஸ்மா எனும் நீர்ப்பகுதி என்று பிரிக்கப்பட்டு மூன்று பேருக்குக்கூடப் போய்ச் சேரலாம் என்பதால், ஒரு பொய்யின் விளைவு ஒருவரோடு நிற்பதில்லை.

பிரிட்டிஷ் சமூக ஆய்வாளர் ரிச்சர்ட் டிட்மஸ், காசுக்கு வாங்கும் இரத்தத்தில் மஞ்சள் காமாலைத் தொற்றின் ஆபத்து கூடுதல் என்பதை அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஒப்பிட்டு 1970-இலேயே எடுத்துக்காட்டினார். 1975-இல் உலகச் சுகாதார மன்றம் ஊதியமற்ற தன்னார்வக் கொடையை வளர்க்குமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அதன் பிறகும், 1990-களில் சீனாவின் ஹெனான் மாநிலத்தில் ஏழை விவசாயிகள் பிளாஸ்மாவை விற்றபோது, பலருடைய இரத்தத்தை ஒன்றாகக் கலந்து பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்துக்கொண்டு, மிஞ்சிய சிவப்பணுக்களை அவர்கள் உடலிலேயே திரும்பச் செலுத்தினார்கள். கிராமம் கிராமமாக எச்.ஐ.வி பரவியது. விற்றவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். வேறு வருமானத்துக்கு வழியில்லாதவர்கள்.

தோட்டப்புறத்தில் இது ஏன் என்னை இன்னும் உறுத்துகிறது என்றால், ஐந்து கிலோ அரிசி மாதச் சம்பளக்காரருக்கு ஒரு பொருட்டன்று. பால் எடுக்கக் குத்தகைக்கு ரப்பர் மரம் வெட்டும் வீட்டுக்கு அது ஒரு வாரச் சோறு. ஆகவே, படிவத்தில் பொய் எழுதும் நெருக்கடியை, மறுத்துவிட்டுப் போக முடியாதவர்கள் தலையில்தான் நாம் கொண்டுபோய் வைக்கிறோம். காய்ச்சலை மறைப்பார்கள், விழுங்கிய மாத்திரையை மறைப்பார்கள், எடைக்கருவியில் ஏறும்போது சட்டைப்பையில் சாவிக்கொத்தையும் கைப்பேசியையும் வைத்துக்கொள்வார்கள். 45 கிலோவுக்குக் குறைந்தவர்களிடம் இரத்தம் எடுக்கக்கூடாது என்ற விதி அவர்களுடைய நன்மைக்கே என்பது அரிசி மூட்டையின் முன்னால் எடுபடாது.

பரிசு இல்லாவிட்டால் யார் வருவார் என்று மன்றத்துத் தம்பிகள் கேட்கிறார்கள். பரிசுக்கு வந்தவர்கள் பரிசு இல்லாத அடுத்த முகாமுக்கு வருவதில்லை. பேசிப் புரியவைத்து வந்தவர்களே ஆண்டுதோறும் கொடையாளர் புத்தகத்தோடு வந்து நிற்கிறார்கள். மைலோ, பிஸ்கட், ஒரு சிறு நினைவுப்பொருள், பயணச் செலவு ஆகியவை தன்னார்வக் கொடைக்கு முரணானவையல்ல. அரசு மருத்துவமனைகளில் கொடையாளர்களுக்குச் சில சிகிச்சைச் சலுகைகளும் உண்டு. ஆனால், எதைக் கொடுத்தாலும் மண்டபத்துக்கு வந்த அனைவருக்கும் கொடுங்கள். மருத்துவர் திருப்பி அனுப்பியவருக்கும் அதே பொட்டலம் கிடைக்குமென்றால், உண்மையைச் சொல்வதால் அவருக்கு நட்டமில்லை.

பெயர்ப் பட்டியல் போட்டு அனுப்புவது

தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஆள் பிடித்து அனுப்பினால் அது தானமன்று.

வெறும் வயிற்றில் வந்தவரைப் படுக்கவைப்பது

ரப்பர் மரம் வெட்டுகிறவர் விடியற்காலையில் ஒரு குவளை கோப்பியோடு போய், வேலை முடிந்து வியர்வையோடு நேராக மண்டபத்துக்கு வருவார். அவருக்கு முதலில் சோறும் தண்ணீரும் கொடுத்து, சற்று நேரம் உட்காரவைத்த பிறகே பதிவு மேசைக்கு அனுப்ப வேண்டும். செம்பனைக் குலை அறுப்பவர் அன்றைக்கு மீண்டும் நீள அரிவாளைத் தூக்கக்கூடாது. ஊசி குத்திய கை அது. எனவே முகாமை ஓய்வு நாளில் வைப்பதே நல்லது.

“உனக்கு இரத்தமே இல்லை” என்பது

நீல நிறச் செப்பு சல்பேட் கரைசலில் விரல் நுனி இரத்தத்தின் ஒரு சொட்டை விட்டு, அது மூழ்குகிறதா என்று பார்க்கும் பழைய முறையைப் பலர் கண்டிருப்பீர்கள். சொட்டு மூழ்காமல் தயங்கி நின்றால், ஹீமோகுளோபின் தேவையான அளவுக்கு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு 12.5 கிராமுக்கு, குறைவு என்று பொருள். இன்று கருவி எண்ணையே காட்டிவிடுகிறது. நம் பெண்களில் பலர் இந்த இடத்தில்தான் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அப்போது பக்கத்தில் நிற்கும் தொண்டர் கேலி பேசினால், அந்த அம்மா மறுபடி வரமாட்டார். தம் மகளையும் அனுப்பமாட்டார். அருகிலுள்ள அரசு கிளினிக்குக்குப் போய்ச் சோகைக்குச் சிகிச்சை பெறச் சொல்லி, மரியாதையாக வழியனுப்ப வேண்டும்.

எல்லாரும் ஒரே நாளில் நடத்துவது

இரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லேண்ட்ஸ்டைனர் பிறந்த ஜூன் 14 உலக இரத்தக் கொடையாளர் நாள் என்பதால், எல்லா மன்றங்களுக்கும் அந்த வாரமே வேண்டியிருக்கிறது. தட்டணுக்கள் சுமார் 5 நாள், சிவப்பணுக்கள் 5 அல்லது 6 வாரம் மட்டுமே தாங்கும். தலசீமியா எனும் பரம்பரை இரத்த நோய் கடுமையாக உள்ளவருக்கு ஆண்டு முழுவதும் சில வாரங்களுக்கு ஒரு முறை இரத்தம் ஏற்ற வேண்டும். நோன்பு மாதத்திலும் பெருநாள் விடுமுறைகளிலும் இருப்பு குறையும். இரத்த வங்கியைக் கேட்டுத் தேதி குறியுங்கள்.

எங்கள் இரத்தம் எங்களுக்கே என்று வாக்களிப்பது

வாக்களிக்காதீர்கள். பை யாருக்குப் போகும் என்பதை நோயாளியின் தேவை முடிவு செய்யும்.

முகாம் முடிந்ததும் மறந்துவிடுவது

கூட்டத்துக்கு நடுவே சொல்லக் கூசிய ஒன்றை, வீட்டுக்குப் போனதும் சொல்ல நினைப்பவர் இருப்பார். மறுநாள் காய்ச்சல் கண்டவரும் இருப்பார். இரத்த வங்கியின் தொலைபேசி எண்ணைத் தமிழிலும் மலாயிலும் அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். அவர் காரணத்தை உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை. நேரே அங்கே அழைத்துப் பேசினால், அந்தப் பை நோயாளியிடம் போவதற்கு முன்பே எடுத்துவைக்கப்படும்.