மீட்டர் போர்டைக் கழற்றுவதற்கு முன்

பழைய கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரு நாள் இது வரும். காலையில் சாவியைத் திருப்பினால் பெட்ரோல் முள் எழுந்திருக்காது, இல்லையென்றால் நேற்று வரை ஒழுங்காக இருந்த ஸ்பீடோமீட்டர் முள் 40க்கும் 70க்கும் நடுவே சாமியாடிக்கொண்டிருக்கும். உடனே வாயில் வருவது "மீட்டர் போச்சு". பாதித் தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. என்னுடைய 1996 மாருதி 800இல் இதுவரை நான்கு தடவை மீட்டர் போர்டைக் கழற்றியிருக்கிறேன். முதல் இரண்டு தடவை கழற்றியிருக்கவே வேண்டாம், நான்காவது தடவை கழற்றியது மூன்றாவது தடவை நான் கெடுத்து வைத்ததைச் சரிசெய்ய.

மீட்டர் போர்டு தானாக எதையும் அளப்பதில்லை. பெட்ரோல் எவ்வளவு என்பதை டேங்க்குக்குள் மிதக்கிற ஃப்ளோட் சொல்கிறது, சூட்டை இன்ஜினில் இருக்கிற சென்சார் சொல்கிறது, வேகத்தை கியர்பாக்ஸில் இருந்து வருகிற கேபிள் சொல்கிறது. அதனால் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒன்று மட்டும் படுத்திருக்கிறதா, இல்லை இரண்டு மூன்று சேர்ந்து படுத்திருக்கிறதா? ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் கோளாறு போர்டுக்கு வெளியே, அந்த ஒன்றின் பாதையில்தான் இருக்கும். சேர்ந்து படுத்திருந்தால் அவற்றுக்குப் பொதுவானதைத் தேட வேண்டும், அதாவது ஃபியூஸ், எர்த் (மின்சாரம் வண்டியின் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவ்வுக்குத் திரும்புகிற இணைப்பு), வயர்களெல்லாம் சேர்ந்து வந்து போர்டுக்குப் பின்னால் சொருகியிருக்கிற கப்ளர்.

பெட்ரோல் முள்ளில் எல்லோரும் செய்கிற தவறு, ஃப்ளோட் மாட்டியிருக்கிற டேங்க் யூனிட்டுக்குப் போகிற வயரைக் கழற்றி நேராக பாடியில் தொட்டுப் பார்ப்பது. சோதனை சரியான சோதனைதான், செய்கிற விதம்தான் தப்பு. அப்படி நேராகத் தொட்டு வைத்துக்கொண்டே இருந்தால் மீட்டருக்குள் இருக்கிற மெல்லிய கம்பிச் சுற்று கருகிவிடலாம். நடுவில் 3.4 வாட் பல்பு ஒன்றைச் சேர்த்து எர்த் கொடுங்கள், வயரும் மீட்டரும் நன்றாக இருந்தால் 800 மாதிரி வண்டிகளில் முள் ஃபுல் பக்கம் நகரும். சில பழைய மீட்டர்களில் முள் மெதுவாகத்தான் ஏறும், இரண்டு விநாடி பார்த்துவிட்டு அசையவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். முள் நகர்ந்துவிட்டால் போர்டைத் தொட வேலையே இல்லை, ஃப்ளோட்டையும் அதன் தேய்ந்த சுருளையும் பாருங்கள். இன்னொன்று, இதைச் செய்வது பெட்ரோல் டேங்க் பக்கத்தில். டேங்க் யூனிட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இக்னிஷனையும் ஆனில் வைத்துக்கொண்டு வயரை அங்கே இங்கே தொடுகிறவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு பொறி போதும்.

எர்த் விஷயத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும், நான் வீணாகக் கழற்றிய இரண்டு தடவையும் இதில்தான் ஏமாந்தேன். இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள்ளும் கூடவே தாளம் போடுகிறது, ஹெட்லைட் போட்டால் சூட்டு முள் கொஞ்சம் நகர்கிறது, ஒரு விளக்கு எரிய வேண்டிய இடத்தில் இரண்டு மங்கலாக எரிகிறது என்றால் அது எர்த் கோளாறின் முகம். இங்கே என்ன தவறு செய்கிறோம் என்றால், மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து எர்த் வயரைப் பார்த்து, பீப் சத்தம் கேட்டதும் "எர்த் நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடுகிறோம். வயருக்குள் இருபது இழையில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் அந்த பீப் கேட்கும். சரியாகப் பார்க்க வேண்டுமானால் லைட், வைப்பர் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கப்ளரின் எர்த் பின்னிலும் மறு முனையை பேட்டரியின் நெகட்டிவ்விலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ துரு. என் வண்டியில் அது டேஷ்போர்டுக்குக் கீழே பாடியில் முடுக்கியிருந்த ஒரு போல்ட். உப்புத்தாளில் நான்கு தேய், ஐந்து நிமிஷ வேலை. அதற்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

அம்பாசடர் மாதிரி இன்னும் பழைய சங்கதி கையில் இருந்தால் இன்னொரு கண்ணி இருக்கிறது. அந்தக் காலத்து மீட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுவதில்லை, பின்னால் ஒரு சிறிய டப்பா, வோல்டேஜ் ஸ்டெபிலைசர், அதைச் சராசரியாக 10 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும். உள்ளே ஒரு பட்டை சூடாகி விலகி, ஆறி ஒட்டி, விட்டு விட்டுத்தான் மின்சாரம் தரும். மல்டிமீட்டர் வைத்தால் எண் துள்ளும், அதுதான் அதன் இயல்பு. துள்ளுகிறதே என்று அதைத் தூக்கிவிட்டு நேராக 12 வோல்ட் இழுத்துக் கொடுத்தால் பெட்ரோலும் சூடும் இரண்டும் அதிகமாகவே காட்டும், கொஞ்ச நாளில் மீட்டரும் போய்விடும். இரண்டு முள்ளும் ஒரே நாளில் சேர்ந்து மேலே ஏறி நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த டப்பாவையும், அதன் உடம்பு எர்த் ஆகியிருக்கிறதா என்பதையும்தான்.

சரி, ஸ்பீடோமீட்டருக்கு வருவோம். இதில் கேபிளும் முள்ளும் நேரடியாக இணைந்திருக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது, காந்தத்தைத் தொடாமல் சுற்றி ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கிறது, காந்தம் சுற்றச் சுற்ற அதில் உண்டாகிற சுழல் மின்னோட்டம் கிண்ணத்தை இழுக்கிறது, ஒரு மயிரிழை ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்துகிறது. 1902இல் ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்சே காப்புரிமை வாங்கிய வித்தை, நூறு வருஷம் ஓடியும் அடிப்படை மாறவில்லை. முள் ஆடுகிறது என்றதும் நம் ஆட்கள், நான் உட்பட, கேபிளின் மேல் முனையில் ஒரு விரல் கிரீஸை அப்பிச் சொருகுவோம். அந்த கிரீஸ் சுற்றிச் சுற்றி மேலேறி, தொடவே கூடாத காந்தத்தையும் கிண்ணத்தையும் ஒட்டவைத்துவிடும். அப்புறம் சிக்னலில் நிற்கும்போதும் வண்டி 50இல் போகும். இதுதான் என் மூன்றாவது தடவை. செய்ய வேண்டியது, உள் கேபிளை முழுசாக உருவி, பழைய அழுக்கை மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு, மெல்லிசாக கிரீஸ் தடவி, மீட்டர் பக்கம் வருகிற கடைசி ஒரு சாண் நீளத்தை வெறுமனே விட்டுவிடுவது. கேபிள் எங்காவது ஒடிந்து மடிந்திருந்தால் கிரீஸ் உதவாது, மாற்றிவிடுங்கள்.

முள்ளும் கிலோமீட்டர் எண்களும் சேர்ந்து நின்றுவிட்டால் கேபிள் அல்லது கியர்பாக்ஸ் பக்கம் கேபிளைச் சுற்றுகிற பினியன் என்ற சின்னப் பல்சக்கரம். முள் ஆடாமல் வேலை செய்கிறது, எண்கள் மட்டும் நின்றுவிட்டன என்றால் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கிறது. அப்போதுதான் போர்டைத் திறக்க நியாயம்.

திறக்கிற முடிவுக்கு வந்துவிட்டால், பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றுங்கள், ஸ்பீடோ கேபிளைப் பின்பக்கமாக கை விட்டு கிளிப்பை அமுக்கி முதலில் விடுவியுங்கள். கேபிள் மாட்டியிருக்கும்போதே போர்டை முன்னால் இழுத்துக் கழுத்தை உடைப்பது மிகப் பழைய தவறு. கப்ளரை வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கழற்றுவதற்கு முன் போனில் நான்கு படம் எடுத்துவிடுங்கள், ஸ்க்ரூக்களில் நீளமானது ஒன்று இருக்கும், அதை மாற்றிப் போட்டால் எதையாவது குத்தும்.

முள்ளைப் பிடுங்குவதுதான் ஆபத்தான இடம். எந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளாமல் பிடுங்கினால் திரும்ப எங்கே சொருகுவது என்று தெரியாது. முள் ஓய்வாக நிற்கிற அந்தச் சின்ன ஆணி இருக்கிறதே, அதை மெதுவாகத் தாண்டவிட்டு, ஸ்பிரிங் இழுப்பில்லாமல் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்து அந்த இடத்தை பென்சிலால் குறியுங்கள். பிடுங்கும்போது இரண்டு பக்கமும் டீஸ்பூனைக் கொடுத்துச் சமமாக நெம்ப வேண்டும், டயலுக்கு மேல் ஒரு துணி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் அச்சு வளையும். அந்த மயிரிழை ஸ்பிரிங் ஒருமுறை திருகிக்கொண்டால் நம் கையால் திரும்பாது.

சர்க்யூட் பக்கம் பெரிய ரகசியம் இல்லை. பழைய போர்டுகளில் நெகிழும் பிளாஸ்டிக் தாளில் செம்புக் கோடுகள் ஓடும், அதன் மேல் 60 வாட் சால்டரிங் அயர்னை வைத்தால் கோடு உரிந்து கையோடு வந்துவிடும், 25 வாட் போதும். கட்டியான பலகை உள்ள போர்டு என்றால் கப்ளர் பின்களைச் சுற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள், மயிர்போல் வளையமாக ஒரு விரிசல் தெரியும், பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிது வைத்தால் சரியாகிவிடும். டயலை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், முன் கண்ணாடி உண்மையில் பிளாஸ்டிக், அதில் தின்னரோ பெட்ரோலோ பட்டால் சிலந்தி வலை மாதிரி விரிசல் விழும்.

பல்பு மாற்றும்போது, கொஞ்சம் பிரகாசமாக இருக்கட்டுமே என்று அதிக வாட் பல்பு போட்டால் பின்னால் பிளாஸ்டிக் உருகும். எல்இடி போடுகிறவர்கள் பேட்டரி படம் போட்ட விளக்கை மட்டும் விட்டுவிடுங்கள். பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்வதற்கான முதல் மின்சாரமே அந்தக் குட்டி பல்பு வழியாகத்தான் போகிறது. எல்இடியில் அவ்வளவு மின்சாரம் போகாது. பல்பு எரிந்துபோனாலும் இதே கதைதான், ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்த பிறகு பத்து ரூபாய் பல்பில் வந்து முடியும்.

முழு போர்டையே மாற்றலாம் என்று சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்தில் பழையது தேடுகிறவர்கள், பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். வருஷத்துக்கு வருஷம் கப்ளரில் பின்களின் வரிசை மாறும், டேங்க் யூனிட்டின் ஓம்ஸ் பொருந்தாவிட்டால் பாதி டேங்க்கை முக்கால் என்று காட்டும். 2000க்குப் பிறகு வந்த சில வண்டிகளில், ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா குடும்பத்தில் குறிப்பாக, திருட்டுத் தடுப்புக் குறியீடே மீட்டர் போர்டுக்குள்தான் இருக்கிறது, வேறு போர்டைச் சொருகினால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகி ஓரிரு விநாடியில் அணைந்துவிடும். கிலோமீட்டர் எண் மாறிப்போவதையும் பழைய எண்ணோடு பில்லில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வண்டியை விற்கும்போது வாங்குகிறவரிடம் காட்ட வேண்டியிருக்கும்.

ஆயில் விளக்கு எரிந்தால் "சுவிட்ச் கெட்டிருக்கும்" என்று வயரைக் கழற்றி விடுகிற பழக்கத்தைப் பற்றிப் பேசவே கோபம் வருகிறது. சுவிட்ச் கெட்டிருக்கலாம்தான். அதைச் சொல்ல இன்ஜினில் நேரடியாக பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும், அதுவரை இன்ஜினை ஓட்டக்கூடாது.

எல்லாம் முடிந்து போர்டைத் திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூ முடுக்குவதற்கு முன்பே கப்ளரைச் சொருகி, பேட்டரி கொடுத்து, சாவியை ஆனில் வைத்து ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிகின்றனவா, ஸ்டார்ட் செய்ததும் அணைகின்றனவா என்று பாருங்கள். நான் நான்காவது தடவை இதையெல்லாம் பார்த்தேன், பெட்ரோல் முள்ளை மட்டும் குறித்துக்கொள்ளாமல் கழற்றியிருந்தேன். இப்போது டேங்க் நிறைந்தால் அது ஃபுல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் மேலே போய் நிற்கிறது. ஐந்தாவது தடவை கழற்ற மனசு வரவில்லை, கழித்துப் பார்த்துக்கொள்கிறேன்.