‘வாசித்துவிட்டார்கள்’ என்ற செய்தியைச் சோதித்துப் பார்க்கும் முறை

ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் தமிழும் வரலாறும் கற்பித்து வருகிறேன். வருடத்துக்கு ஒரு முறையாவது உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் கைத்தொலைபேசியை நீட்டி, “சேர், அந்த வொய்னிச் புத்தகத்தை வாசிச்சிட்டாங்களாம்” என்று சொல்வதுண்டு. எவரும் இதுவரை வாசித்தறியாத எழுத்தில் அமைந்த ஒரு பழைய கையெழுத்துச் சுவடி அது. மாணவரின் அந்த ஆர்வம் எனக்குப் பெரிதும் பிடித்தமானது. ஆதாரமற்ற ஒரு செய்தி அதை வீணாக்கிவிடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மொழியியலோ இலத்தீனோ தெரியாதவரும், இணைய வசதி இருந்தால், ஒரு மாலைப் பொழுதுக்குள் செய்து முடிக்கக்கூடிய சோதனைகள் இவை.

முதலில், அந்தச் சுவடியைப் பற்றி ஐயமின்றித் தெரிந்தவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வொய்னிச் சுவடி அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பைனக்கி நூலகத்தில் 408ஆம் இலக்கக் கையெழுத்துப் பிரதியாகப் பாதுகாக்கப்படுகிறது. வில்ஃப்ரிட் வொய்னிச் என்ற பழம்புத்தக வியாபாரி 1912இல் அதை இத்தாலியில் வாங்கினார். ஏறத்தாழ 240 பக்கங்கள். அடையாளம் காண முடியாத செடிகள், நட்சத்திர வட்டங்கள், நீராடும் பெண்கள் ஆகிய படங்கள் அவற்றில் உள்ளன. எழுதப்பட்ட தோல் 1404க்கும் 1438க்கும் இடைப்பட்டது என்று கார்பன் காலக்கணிப்பு காட்டியது. ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு, மூன்று முறை வரும் இடங்கள் உண்டு. சில எழுத்துகள் பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்திலும், வேறு சில இறுதியிலும் மட்டுமே வருகின்றன. புதிதாக வரும் எந்த விளக்கமும் இவை அனைத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். எல்லாப் பக்கங்களின் படங்களையும் நூலகம் இணையத்தில் இலவசமாகத் தந்திருப்பதால், நீங்களே திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, செய்தியை விட்டுவிட்டு ஆய்வாளர் எழுதிய கட்டுரைக்கே செல்லுங்கள். 2018 ஜனவரியில் ‘செயற்கை நுண்ணறிவு புதிரை அவிழ்த்தது’ என்று உலகெங்கும் தலைப்புகள் வந்தன. அதற்கு அடிப்படையான கட்டுரையோ 2016இலேயே வெளிவந்தது. கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், ஒவ்வொரு சொல்லிலும் எழுத்துகள் இடம் மாற்றப்பட்டிருந்தால் மூலமொழி எபிரேயமாக இருக்கலாம் என்ற கருதுகோளை அதில் முன்வைத்திருந்தார்கள். முதல் வாக்கியத்தைக்கூட, எழுத்துப் பிழைகள் எனத் தாங்கள் கருதியவற்றைத் திருத்தி, கூகுள் மொழிபெயர்ப்பில் இட்டே பெற்றார்கள். ‘இருக்கலாம்’ என்ற சொல் தலைப்புக்கு வந்து சேர்வதற்குள் காணாமற்போயிற்று. பல்கலைக்கழகத்தின் பெயர் இருப்பதும் போதிய உறுதி ஆகாது. 2019 மே மாதம் ஜெரார்ட் செஷயர் என்பவர் அது ‘தொல்-ரோமான்ஸ்’ (இலத்தீனிலிருந்து கிளைத்த மொழிகளின் முன்வடிவம்) என்று ஓர் ஆய்விதழில் எழுதியதைப் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் பெருமையுடன் அறிவித்து, வல்லுநர்களின் மறுப்பைக் கண்டதும் சில நாட்களுக்குள் அந்த அறிவிப்பிலிருந்து விலகிக்கொண்டது. ஆகவே, அறிவிப்பு வந்த நாளன்று எதையும் பகிராமல் ஒரு வாரம் பொறுத்திருப்பது நல்லது.

மிக முக்கியமான சோதனை இனித்தான் வருகிறது. வாசித்ததாகச் சொல்பவர் தமக்கு எத்தனை சலுகைகளை எடுத்துக்கொள்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். உயிர் எழுத்துகள் எழுதப்படவில்லை என்கிறாரா? எழுத்துகளின் வரிசையை மாற்றலாம் என்கிறாரா? ஒரே குறிக்கு இரண்டு, மூன்று ஒலிகள் தருகிறாரா? ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமாகத் தோன்றலாம். சேரும்போது எந்தப் பக்கத்திலிருந்தும் எந்தக் கதையையும் எடுத்துவிட முடியும். நம் மொழியிலேயே செய்து பாருங்கள். க், ல், வ் என்ற மூன்று மெய்களை மட்டும் எழுதிவைத்து, வரிசையை மாற்றவும் விரும்பிய உயிரைச் சேர்க்கவும் அனுமதி கொடுத்தால், கல்வி வரும், கவலை வரும், விலகு வரும், உலாவுக என்பதும் வரும். வில்லியம் நியூபோல்ட் 1921இல் விழுந்தது இந்தக் குழியில்தான். அவர் நேர்மையான அறிஞர். எழுத்துகளுக்குள் நுண்ணிய கோடுகளைப் பூதக்கண்ணாடியால் கண்டு, அவற்றை இடம் மாற்றி அடுக்கி, பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஆங்கில அறிஞர் ரொஜர் பேக்கன் எழுதிய அறிவியல் நூல் இது என்று அறிவித்தார். அந்தக் கோடுகள் தோலின் சொரசொரப்பில் மை காய்ந்து வெடித்த பிளவுகளே என்பதையும், அந்த முறையால் எதையும் வருவிக்கலாம் என்பதையும் 1931இல் ஜோன் மான்லி காட்டினார்.

சரியான வாசிப்பு எப்படி இருக்கும் என்பதை நான் ஒரு கணக்குக் கொப்பியிலிருந்து கற்றுக்கொண்டேன். எங்கள் தோட்டத்தில் முன்பு கங்காணியாக இருந்த ஒருவரின் பேரன் அதைக் கொண்டுவந்தார். மருந்துக் குறிப்பு என்று ஒருவரும், புதையல் வழி என்று மற்றொருவரும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பழுப்பேறிய தாளில் ௵, ௴, ௳, ௹, ௸ போன்ற குறிகளும் தமிழ் இலக்கங்களும் நெருக்கமாக இருந்தன. வருடம், மாதம், நாள், ரூபாய், மேற்படி என்று அவற்றை எடுத்துக்கொண்டு வாசித்தபோது, ஆட்களின் பெயர்களும் அரிசிக்கும் முற்பணத்துக்கும் எழுதிய பற்றும் தெரிந்தன. ஆனால் நான் நம்பியது, பக்கத்தின் அடியிலிருந்த கூட்டுத்தொகை சரியாக வந்தபோதுதான். அந்தத் தொகையை வைத்தவர் கங்காணி; என் விருப்பத்துக்கு அதில் இடமே இல்லை.

அத்தகைய கூட்டுத்தொகை ஒன்றைத்தான் ஒவ்வொரு கூற்றிலும் தேட வேண்டும். பழங்காலக் கிரேக்கத்தின் ‘லீனியர் பி’ என்ற எழுத்தை மைக்கல் வென்ட்ரிஸ் 1952இல் வாசித்தபோது பலர் நம்பவில்லை. மறு வருடம், பைலோஸில் கிடைத்த, அவர் அதுவரை கண்டிராத ஒரு களிமண் பலகையில் அவருடைய அட்டவணையைப் பொருத்தியபோது, முக்காலிப் படத்தின் அருகே ‘முக்காலி’ என்றும், நான்கு கைப்பிடிப் பாத்திரத்தின் அருகே அதற்குரிய சொல்லும் வந்தன. நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்குண்டு. ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் சாஞ்சிக் கல்வெட்டுகளின் இறுதியில் திரும்பத் திரும்ப வந்த எழுத்துகளை ‘தானம்’ என்று ஊகித்துப் பழைய பிராமி எழுத்தை வாசித்தார். பிராமிக் கல்வெட்டுகளில் வந்த ‘பியதசி’ என்ற அரசன் அசோகனே என்பதை இலங்கையில் பணியாற்றிய ஜோர்ஜ் டேர்னர் இலங்கையின் வரலாற்றைக் கூறும் பாளி நூலைக் கொண்டு காட்டினார். அதே அட்டவணையால் இலங்கைக் குகைகளிலுள்ள பிராமிக் கல்வெட்டுகளையும் எவரும் வாசிக்க முடிகிறது.

தமிழ் வாசகர் தம் மொழி சம்பந்தப்பட்ட கூற்றில் இந்தச் சோதனையை இரு மடங்கு கண்டிப்புடன் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. சிந்துவெளி எழுத்தை வாசிப்பவருக்குப் பத்து இலட்சம் டொலர் பரிசு என்று தமிழ்நாட்டு முதலமைச்சர் 2025 ஜனவரியில் அறிவித்த பின்னர், அதுபோன்ற செய்திகள் நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் வருகின்றன. ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்து குறிகளே உள்ளன. இருமொழிக் கல்வெட்டும் கிடைக்கவில்லை. அவ்வளவு குறுகிய எழுத்தில் ‘கூட்டுத்தொகை’ கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

வகுப்பில் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்கள், வாசித்ததாகச் சொல்பவரின் எழுத்து அட்டவணையை இரண்டு குழுக்களிடம் கொடுத்து, அவர் மொழிபெயர்க்காத பக்கமொன்றின் ஒரே வரியைத் தனித்தனி அறைகளில் வாசிக்கச் சொல்லுங்கள். அகராதியைப் பயன்படுத்த அனுமதியுங்கள். ஒருவரையொருவர் கேட்க அனுமதிக்காதீர்கள். நான் முதலில் கங்காணியின் கொப்பிப் பக்கமொன்றைக் குறிவிளக்கத்துடன் கொடுத்தேன். இரண்டு குழுக்களும் ஒரே தொகையுடன் வந்தன. பிறகு, உயிரைச் சேர்க்கவும் வரிசையை மாற்றவும் இடம் தரும் அட்டவணையொன்றைக் கொடுத்தேன். ஒரு குழு மூலிகைக் கஷாயத்துடனும் மறு குழு திருமணச் சடங்குடனும் திரும்பி வந்தன.