ரேஞ்சில் பொறுக்கிய பித்தளை: மறுபடி தோட்டா நிரப்புமுன் நடக்கும் தவறுகள்

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி சுடுகிறவர்களில் ஒரு கூட்டம் ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், சுட்டு முடித்ததும் குனிந்து தரையைப் பார்க்கும். சிதறிக் கிடக்கும் பித்தளை உறைகளைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோய், புது பிரைமர் (உறையின் அடியில் இருந்துகொண்டு அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), புது மருந்து (வெடிமருந்துத் தூள்), புது குண்டு வைத்து மறுபடி சுடுவார்கள். சொந்த உபயோகத்துக்கு என்றால் மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டாம், விற்க ஆரம்பித்தால் 06 வகை லைசென்ஸ் வேண்டும், மாநில விதிகள் தனி. (இந்தியாவில் நிலவரம் வேறு. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், அதனால் ஊரில் இருப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

இதில் ஆபத்து என்றாலே எல்லோரும் மருந்து அளவைப் பற்றித்தான் பேசுவார்கள். அது சரிதான். ஆனால் அந்த மருந்து அளவே தப்பிப்போகக் காரணம் பல சமயம் பிரஸ்ஸில் (உறைகளில் தோட்டா நிரப்பும் கைப்பிடிக் கருவி) இல்லை, அதற்கு முன்னால் பக்கெட்டைக் கவிழ்த்து உறைகளைப் பிரித்த மேசையில் இருக்கிறது.

முதலில் சல்லடையை நம்புவது. அளவுவாரியாகத் துளை போட்ட பிளாஸ்டிக் தட்டுகள் கடையில் கிடைக்கின்றன. மேலே கொட்டிக் குலுக்கினால் .45 (தோட்டா வகை, எண் கிட்டத்தட்ட குண்டின் பருமன் அங்குலத்தில்) மேல்தட்டில் தங்கும், .40 அடுத்ததில், 9 மி.மீ. அதற்கும் கீழே. வேகமான வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தட்டுக்குத் தெரிவது பருமன் மட்டும், நீளம் தெரியாது. 9 மி.மீ. லூகர் உறையின் நீளம் 19.15 மி.மீ., .380 ஏசிபி சுமார் 17.3, மக்கரோவ் சுமார் 18.1. இந்த மூன்று தோட்டா வகைகளும் ஒரே தட்டில் விழுந்து கலந்து கிடக்கும். .380 உறை 9 மி.மீ. டையில் (பிரஸ்ஸில் மாட்டி உறையை அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) பெரிய தகராறு இல்லாமல் நுழைந்துவிடும், குட்டையாக இருப்பதால் வாய் சரியாக விரியாது, குண்டைப் பிடித்து நிற்காது. சல்லடை முடிந்ததும் ஒரு கைப்பிடி உறைகளை வாய் மேலே இருக்கும்படி தட்டையான பலகையில் நெருக்கமாக நிறுத்தி, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். குட்டையானது பள்ளமாகத் தெரியும். அடிப்பாகத்தில் இருக்கும் எழுத்தையும் படித்தே ஆக வேண்டும், சலிப்பாக இருந்தாலும்.

இன்னொன்று, பெரிய உறைக்குள் சின்ன உறை ஒளிந்துகொள்வது. .40-க்குள் 9 மி.மீ. கச்சிதமாகப் போய் உட்காரும், .45-க்குள் .40. டம்ளரில் (உறைகளைச் சுழற்றிச் சுத்தம் செய்யும் மெஷின்) மணிக்கணக்கில் சுற்றினால் உள்ளே இறுகியும்விடும். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே உறை மாதிரிதான் இருக்கும். கழுவுவதற்கு முன்பே பிரித்துவிட்டால் இந்தத் தொல்லையில் பாதி போய்விடும். அதே நேரத்தில் சுடாத முழுத் தோட்டா ஏதாவது கலந்திருந்தால் அதுவும் கண்ணில் படும்.

.45 ஏசிபி வைத்திருப்பவர்களுக்குத் தனித் தலைவலி. பல காலமாக அதில் பெரிய பிரைமர்தான், 0.210 அங்குலம். பிற்பாடு சில கம்பெனிகள் 0.175 அங்குல சின்ன பிரைமர் வைத்தும் விடத் தொடங்கின. வெளித்தோற்றத்தில் எந்த வித்தியாசமும் இல்லை, திருப்பி அடியைப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு வகையிலும் தோட்டா நன்றாகவே சுடும், கலந்தால்தான் வம்பு. சின்னக் குழியில் பெரிய பிரைமரை அழுத்தும்போது கைப்பிடி முட்டி நிற்கும், அங்கே பலம் போட்டு அமுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பிரைமர் என்பது அடிபட்டால் வெடிப்பதற்கென்றே செய்த பொருள், அதுவும் குழாயில் வரிசையாக நூறு அடுக்கி வைத்திருக்கும் பிரஸ்ஸில் ஒன்று வெடித்தால் மற்றவை சும்மா இருக்கும் என்று சொல்ல முடியாது. ராணுவத்துக்குச் செய்த 9 மி.மீ. உறைகளிலும் இதே கதை உண்டு. வட்டத்துக்குள் சிலுவைக்குறி இருந்தால் அது நேட்டோ சரக்கு, பிரைமர் கழன்றுவிடாமலிருக்கக் குழியின் விளிம்பை மடித்திருப்பார்கள். அந்த மடிப்பை எடுத்துவிட்டுத்தான் புது பிரைமர் வைக்க வேண்டும்.

சரி, இதெல்லாம் மருந்து அளவை எப்படிக் கெடுக்கிறது? புரோகிரசிவ் பிரஸ்ஸில் ஒரு இழுப்புக்கு நான்கைந்து உறைகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு கட்டத்தில் நிற்கும். தப்பான உறை ஒன்று முதல் இடத்தில் மாட்டினால் கைப்பிடி பாதியில் நிற்கும். நீங்கள் பின்னால் இழுப்பீர்கள், ஆட்டுவீர்கள், அந்த உறையைப் பிடுங்குவீர்கள், மறுபடி அழுத்துவீர்கள். இதற்கிடையில் மூன்றாவது இடத்தில் நின்ற அப்பாவி உறைக்கு மருந்து விழுந்ததா, இரண்டு தரம் விழுந்ததா, விழவே இல்லையா? .38 ஸ்பெஷல் மாதிரி உள்ளே இடம் அதிகமுள்ள உறையில் இரட்டை மருந்து விழுந்தாலும் வழியாது, அதனால் பார்க்காதவருக்குத் தெரியாது. மருந்தே இல்லையென்றால் பிரைமரின் பலத்தில் மட்டும் குண்டு கிளம்பிக் குழலின் நடுவில் நின்றுவிடும், சத்தம் சப்பென்று இருக்கும், அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். முடித்த தோட்டாக்களை எடை போட்டுக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்பதும் ஏமாற்று வேலைதான். 9 மி.மீ.க்குப் போகும் மருந்தே சில கிரெயின்தான் (கிராமைவிடச் சின்ன எடை அளவு), கம்பெனிக்குக் கம்பெனி உறைகளின் எடையே அந்த அளவுக்கு மாறும். பிரஸ் மாட்டினால் வேறு வழியில்லை, தட்டில் உள்ள எல்லா உறைகளையும் எடுத்து மருந்தைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். நாலு உறைக்குப் போய் இவ்வளவா என்று தோன்றும், தோன்றட்டும்.

சுத்தம் செய்வதிலும் இரண்டு தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒன்று, சமையலறை. பெரும்பாலான பிரைமர்களில் ஈயம் உண்டு, சுட்டபின் அது கரியோடு உறைக்குள் தங்கும், உலர் டம்ளரில் சுற்றும்போது தூசியாக எழும். பாத்திரம் கழுவும் மெஷின், சமையல் வடிகட்டி, குழந்தைகள் விளையாடும் இடம் எதுவும் இதற்கு வேண்டாம். முடித்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் காபி டம்ளரைத் தொடாதீர்கள். மற்றொன்று, பளபளப்புக்காக அம்மோனியா கலந்த பாலிஷ் போடுவது. தோட்டாப் பித்தளையில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு, அம்மோனியா இதற்கு எமன். பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தானாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்பது 1921-ல்தான் தெளிவாக விளங்கியது. நம் மேசைக்கு குதிரை வேண்டாம், பாட்டில் ஒன்று போதும்.

விரிசலுக்குக் காதையும் பழக்குங்கள். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது போலத்தான், நாலைந்து உறைகளைக் கையில் போட்டுக் குலுக்கினால் நல்லவை கணீரென்று இருக்கும், வாயோரம் பிளந்தது மந்தமாகத் தட்டும். நிக்கல் பூசிய வெள்ளை உறைகள் பொதுவாகச் சீக்கிரம் பிளக்கும். காந்தம் ஒன்று வைத்துக்கொண்டால் இரும்பு உறைகள் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். அலுமினியம் ஒட்டாது, அதை நிறத்தை வைத்தும் எடையை வைத்தும்தான் பிரிக்க வேண்டும். உள்ளே எட்டிப் பார்த்து நடுவில் ஒரு துளைக்குப் பதில் இரண்டு சின்னத் துளை தெரிந்தால் அது பெர்டான் வகை, பழைய பிரைமரைத் தள்ளும் சாதாரண டையின் ஊசி உடையும். .22 ரிம்ஃபயரை (தனி பிரைமர் இல்லாமல் விளிம்புக்குள்ளேயே பற்றும் மருந்து இருக்கும் வகை) யோசிக்கவே வேண்டாம்.

கழித்த உறைகளை அப்படியே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், ஆறு மாதம் கழித்து நீங்களே அதை நல்ல சரக்கு என்று எடுத்துவிடுவீர்கள். இடுக்கியால் வாயை நசுக்கிவிட்டுப் பழைய பித்தளையோடு போடுங்கள். வெடிக்காத பிரைமர் உள்ளே இருக்கும் எதையும் அந்த டப்பாவில் சேர்க்கக் கூடாது, பழைய இரும்புக் கடைக்காரர் அதை வாங்கமாட்டார், வாங்கவும் கூடாது.